ரெகுலேட்டர் புராணம்: கடலுக்கடியில் மூச்சுக்கு மார்க் போட்ட கதை

"எந்த பிராண்டு நல்லது?"

ஸ்கூபா டைவிங் பக்கம் கொஞ்சமாவது தலைகாட்டியவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு கட்டத்தில் கேட்கும் கேள்வி இது. மாஸ்க், ஃபின், சூட் பற்றியெல்லாம் யாரும் இவ்வளவு கவலைப்படுவதில்லை. ரெகுலேட்டர் என்று வந்துவிட்டால் மட்டும் ஆளாளுக்கு ஒரு கொடி. ஸ்கூபாப்ரோ ரசிகர் மன்றம், போசைடன் ரசிகர் மன்றம், ஏப்பெக்ஸ் ரசிகர் மன்றம்... ரஜினி-கமல் சண்டையெல்லாம் தோத்தது போங்க :-)

எந்தக் கட்சி ஜெயித்தது என்று சொல்ல இதை எழுதவில்லை. "நல்ல ரெகுலேட்டர்" என்ற வார்த்தைக்கு ஓர் அளவுகோல் எப்படி வந்தது, அதற்கு ஏன் ஏறக்குறைய 130 வருஷம் ஆனது என்பதுதான் கதை. கொஞ்சம் நீளம். டீ போட்டு எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

முதல்ல, அந்தச் சாமான் என்ன பண்ணுது?

உங்க வீட்டு அடுப்பங்கரையில் கேஸ் சிலிண்டர் தலையில் ஒரு ரெகுலேட்டர் உட்கார்ந்திருக்கிறது இல்லையா? உள்ளே ஒரு ரப்பர் சவ்வு, ஒரு ஸ்பிரிங், ஒரு வால்வு. சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் இருந்தாலும் அடுப்புக்கு வேண்டிய அளவுக்கு அடக்கி அனுப்புவது அதன் வேலை. ஸ்கூபா ரெகுலேட்டரும் அதே சாதிதான். (எவ்வளவு நெருங்கிய சொந்தம் என்று பின்னால் வரும்.)

ஆனால் கடலுக்கடியில் வேலை இன்னும் கஷ்டம். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் அழுத்தம் ஒரு பார் கூடும். 20 மீட்டரில் நம் நெஞ்சை மூன்று மடங்கு அழுத்தம் நெருக்கிக்கொண்டிருக்கும். மேலே இருந்து ஒரு நீளக் குழாய் போட்டு மூச்சு இழுத்துக்கலாம் என்றால், ஒரு மீட்டர் ஆழத்திலேயே நெஞ்சுத் தசை கைவிட்டுவிடும். ஆகவே வெளியே தண்ணீர் எவ்வளவு அழுத்துகிறதோ அதே அழுத்தத்தில், நாம் இழுக்கும்போது மட்டும், இழுக்கும் அளவுக்கு மட்டும் காற்று வரவேண்டும். 200 பார் சிலிண்டரில் இருந்து இதைச் செய்ய வேண்டும். உள்ளங்கையில் அடங்குகிற ஒரு பொருள் இந்த வேலையைச் செய்கிறது.

சுரங்கத்தில் பிறந்த குழந்தை

இதை முதலில் உருப்படியாகச் செய்தவர் கடல் ஆசாமி இல்லை, சுரங்க எஞ்சினியர். பிரான்ஸ் நாட்டு பெனுவா ரூக்கேரோல். சுரங்கத்தில் விஷவாயு பரவினால் உள்ளே போய் ஆட்களைக் காப்பாற்றுபவருக்கு மூச்சுக்காற்று வேண்டுமே? அதற்காக 1860-ல் ஒரு ரெகுலேட்டருக்குக் காப்புரிமை வாங்கினார். பிறகு கடற்படை அதிகாரி ஒகுஸ்த் தெனெய்ரூஸ் கூட்டுச் சேர, 1864-65 வாக்கில் அதையே முக்குளிப்புக் கருவியாக மாற்றினார்கள். முதுகில் ஒரு காற்றுத் தொட்டி, அதன் மேல் சவ்வு வைத்த ரெகுலேட்டர். இழுத்தால் காற்று வரும், விட்டால் நிற்கும். எஸ்பாலியோன் என்ற ஊரில் இதற்கென்று இன்றும் ஒரு மியூசியம் இருக்கிறது. ஜூல் வெர்ன் 1870-ல் வெளியிட்ட கடலடி நாவலில் காப்டன் நீமோவின் ஆட்கள் மாட்டிக்கொண்டு நடப்பதும் இதைக் கொஞ்சம் மேம்படுத்திய கருவியைத்தான்.

பிறகு ஏன் அப்போதே எல்லோரும் ஸ்கூபா டைவர் ஆகவில்லை? ரெகுலேட்டரில் குறையில்லை, தொட்டியில்தான் குறை. அந்தக் கால உலோகத் தொழிலில் 30, 40 பார் தாங்கும் தொட்டிதான் செய்ய முடிந்தது. அதில் அடைக்கும் காற்று சில நிமிஷத்தில் தீர்ந்துவிடும். அதனால் மேலே இருந்து பம்பு அடித்துக் குழாய் வழியாகக் காற்று அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். சரியான கருவி, தப்பான காலம். அதை உலகம் சுமார் 75 வருஷம் அலமாரியில் வைத்துவிட்டது.

போர்க்காலத்து கேஸ் வண்டி

அடுத்த காட்சி, ஜெர்மானியர் பிடியில் இருந்த பாரிஸ், 1942 டிசம்பர். பெட்ரோல் கிடையாது. கார்களைச் சமையல் வாயு, கரிவாயு என்று கிடைத்ததில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஏர் லிக்கீட் கம்பெனி எஞ்சினியர் எமில் காஞ்யான், கார் எஞ்சினுக்கு வாயுவை அளந்து கொடுக்கும் ஒரு வால்வு செய்து வைத்திருந்தார். அவரைத் தேடி வந்தார் ஒரு கடற்படை அதிகாரி. பெயர் ஜாக் கூஸ்தோ. கூஸ்தோவின் மாமனார் அதே கம்பெனியில் இயக்குநர். (சிபாரிசு எந்த நாட்டில்தான் இல்லை?)

எஞ்சினுக்கு வாயு கொடுக்கும் வால்வு மனுஷனுக்குக் காற்று கொடுக்காதா என்பதுதான் கேள்வி. நான் அடுப்பங்கரை ரெகுலேட்டர் சொந்தம் என்று சொன்னது இதைத்தான்.

1943 ஜனவரியில் மார்ன் ஆற்றில் சோதனை. எனக்கு இந்த முழு வரலாற்றிலும் ரொம்பப் பிடித்த இடம் இது. கூஸ்தோ படுத்தவாக்கில் நீந்தினால் கருவி அருமையாக வேலை செய்தது. நிமிர்ந்து நின்றால் காற்று சும்மா பீறிட்டுக் கொட்டியது. தலைகீழாகப் போனால் காற்றே வர மறுத்தது. ஏன்?

மூச்சு வெளியேறும் வால்வு ஒரு இடத்தில், காற்று கொடுக்கும் சவ்வு வேறொரு இடத்தில் இருந்தது. இரண்டுக்கும் நடுவே ஆறு அங்குலம், அதாவது 15 சென்டிமீட்டர். நிமிர்ந்தால் வெளியேறும் வழி மேலே, அழுத்தம் குறைவு. ஆகவே காற்று தானாக ஓடிவிடும். தலைகீழானால் அது கீழே, அழுத்தம் அதிகம். ஆகவே காற்று வராது. தீர்வு? இரண்டையும் ஒரே மட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்கள். பிரச்சனை காலி.

15 சென்டிமீட்டர் தண்ணீர் என்றால் சுமார் 15 மில்லிபார். ஒரு பாரில் நூற்றில் ஒன்றரைப் பங்கு. அந்தத் துளியூண்டு வித்தியாசத்துக்கு நம் நுரையீரல் அவ்வளவு தகராறு செய்கிறது. ரெகுலேட்டரின் தரம் என்று பின்னால் பேசப்பட்டதெல்லாம் இந்தச் சில சென்டிமீட்டர் தண்ணீரைப் பற்றித்தான். இதை ஞாபகம் வச்சுக்குங்க.

அதே 1943 அக்டோபரில் கூஸ்தோவின் நண்பர் ஃப்ரெடரிக் துமா இந்தக் கருவியோடு 62 மீட்டர் வரை போய்வந்தார். 1946-ல் லா ஸ்பிரோடெக்னீக் என்ற கம்பெனி பிறந்து விற்பனை ஆரம்பமானது. அமெரிக்காவில் "அக்வா-லங்" என்ற பெயரில் போய் இறங்கி, ஒரு விளையாட்டையே உண்டாக்கியது.

இங்கே ஒரு நிமிஷம் இன்னொருவருக்காக நிறுத்த வேண்டும். ஜார்ஜ் கொமேன். அவரும் பிரெஞ்சுக்காரர்தான். தீயணைப்பு வீரர்களுக்கான மூச்சுக் கருவியில் ஆரம்பித்து, தானே ஒரு கடலடிக் கருவி செய்து, 1943 ஜூலையில் மார்சேய் அருகே 53 மீட்டர் போய்க் காட்டியவர். 1944-ல் ஸ்ட்ராஸ்பூர்க் சண்டையில் இறந்துபோனார். அவர் பிழைத்திருந்தால் இன்று கடைகளில் வேறொரு பிராண்டும் தொங்கியிருக்கலாம்.

மெல்பர்ன்காரர் வெட்டிப் போட்ட கருவி

கூஸ்தோ-காஞ்யான் கருவியில் ரெகுலேட்டர் முழுசும் முதுகில் இருக்கும். அங்கிருந்து இரண்டு கொரகொரக் குழாய் வாய்க்கு வரும். பழைய சினிமாவில் பார்த்திருப்பீர்கள். இதில் ஒரு பிறவிக் குறை. குப்புற நீந்தும்போது ரெகுலேட்டர் நுரையீரலைவிட மேலே இருக்கும், அங்கே அழுத்தம் கம்மி. அதனால் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். மல்லாக்கப் படுத்தால் வாய்க்குள் காற்று கொட்டும். திரும்பவும் அதே சென்டிமீட்டர் கணக்கு!

ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் நகரத்து டெட் எல்ட்ரெட் இந்தக் கருவியை இரண்டாக வெட்டினார். சிலிண்டர் தலையில் ஒரு பாதி, அதிக அழுத்தத்தை நடுத்தர அழுத்தமாக அடக்கும். ஒரே ஒரு மெல்லிய குழாய். வாயிலேயே இன்னொரு பாதி, அந்த இடத்து நீர் அழுத்தத்துக்குக் காற்றை இறக்கிக் கொடுக்கும். 1952-ல் "போர்பஸ்" என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. சவ்வு வாயருகே வந்ததும் மூச்சு இலகுவானது. கொரகொரக் குழாயில் தண்ணீர் புகும் தொல்லை போனது. பக்கத்து ஆளுக்கு ஆபத்து என்றால் கொடுக்க இரண்டாவதாக ஒரு வாய்த்துண்டு மாட்டும் வசதியும் பிற்காலத்தில் இதனால்தான் வந்தது.

இன்று எந்தக் கடையில் எந்த பிராண்டை வாங்கினாலும், தொண்ணூற்று ஒன்பது சதம் எல்ட்ரெட் போட்ட அமைப்புத்தான். ஆனால் போர்பஸ் என்ற பெயர் யாருக்காவது தெரியுமா? 1960-ல் ஏர் லிக்கீட் அந்தக் கம்பெனியை வாங்கிவிட்டது. பெயர் காணாமல் போனது, யோசனை மட்டும் உலகத்தை ஆண்டது. பிராண்டு என்ற வார்த்தையை நான் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பதற்கு எல்ட்ரெட்டும் ஒரு காரணம்.

ஆளுக்கொரு கொடி

அதன் பிறகு கடை விரித்தவர்கள் பலர். 1958-ல் ஸ்வீடனில் போசைடன், அவர்களுடைய "சைக்லான்" குளிர்நாட்டுக்காரர்களின் செல்லப்பிள்ளை ஆனது. 1963-ல் குஸ்தாவ் டல்லா வாலேயும் டிக் போனினும் சேர்ந்து ஆரம்பித்த ஸ்கூபாப்ரோ. யு.எஸ். டைவர்ஸ் கம்பெனியின் "கான்ஷெல்ஃப்", கூஸ்தோ கடலடியில் வீடு கட்டிக் குடியிருந்த திட்டத்தின் பெயரை வைத்துக்கொண்டது. இத்தாலியின் மாரெஸ். 1970-களில் இங்கிலாந்தின் ஏப்பெக்ஸ்.

அப்போது சண்டை இரண்டு விஷயத்தில். ஒன்று, பிஸ்டனா டயாஃப்ரமா. பிஸ்டனில் நகரும் பாகம் குறைவு, காற்று தாராளமாகப் பாயும். ஸ்கூபாப்ரோவின் மார்க் 5 இந்தக் கட்சி. டயாஃப்ரமில் தண்ணீர் உள்பாகங்களைத் தொடாமல் அடைப்பது சுலபம், சேற்றிலும் குளிரிலும் தாங்கும். போசைடன், கான்ஷெல்ஃப், ஏப்பெக்ஸ் எல்லாம் இந்தப் பக்கம்.

இரண்டாவது, "பேலன்ஸ்டு"தானா என்பது. சாதாரண வால்வில் சிலிண்டர் அழுத்தமும் வால்வைத் தள்ளிக்கொண்டிருக்கும். ஆகவே 200 பாரில் ஒரு மாதிரி, 50 பாரில் ஒரு மாதிரி மூச்சு வரும். பேலன்ஸ்டு என்றால் அந்தத் தள்ளல் எதிரெதிராக அடிபட்டுப் போகும்படி அமைத்திருப்பார்கள். சிலிண்டர் தீரும் வரை ஒரே சீராக வரும். என்னைக் கேட்டால், பெட்டியில் எழுதியிருக்கும் எல்லா வீரவசனத்திலும் உண்மையாகவே பணம் கொடுக்கத் தகுந்த வார்த்தை இதுதான்.

ஆனால் எது நல்லது என்று எப்படித் தீர்மானித்தார்கள்? வாயில் வைத்து உறிஞ்சிப் பார்த்து! கடையில் நின்று ரெண்டு இழுப்பு. "அடடா, வெண்ணெய் மாதிரி வருது" என்று வாங்கிப் போவார்கள். கடல் மட்டத்தில் எல்லா ரெகுலேட்டரும் வெண்ணெய்தான். 40 மீட்டரில் காற்று ஐந்து மடங்கு அடர்த்தி. அந்தக் கெட்டிக் காற்றை, எதிர்நீரோட்டத்தில் துடுப்படித்து மூச்சு வாங்கும்போது, சின்ன ஓட்டைகள் வழியாக இழுத்துப் பார்த்தால்தான் வண்டவாளம் தெரியும்.

இது ஏன் உயிர் போகிற விஷயம்?

மூச்சு இழுக்கக் கஷ்டமாக இருந்தால் சும்மா அசௌகரியம்தானே என்று நினைக்கலாம். இல்லீங்க. கஷ்டப்பட்டு இழுப்பவன் தன்னை அறியாமல் மூச்சைக் குறைப்பான், மேலோட்டமாக விடுவான். கரியமில வாயு உடம்பில் தங்கும். கரியமில வாயு ஏறினால் மூச்சு முட்டுவது போன்ற பயம் வரும். பயம் வந்தால் இன்னும் வேகமான மூச்சு வேண்டும். அதை அந்த ரெகுலேட்டரால் கொடுக்க முடியாது. ஆழத்தில் நைட்ரஜன் மயக்கமும் இதோடு சேரும். பிறகு வாயில் இருப்பதைப் பிடுங்கி எறிந்துவிட்டு மேலே பாய்ந்தவர்களும் உண்டு, சிலிண்டரில் பாதிக் காற்று மிச்சமிருக்கும்போதே.

இரண்டு வருஷம் முன் ஒரு ஊரில் (ஊரும் வேண்டாம், கடையும் வேண்டாம்) வாடகைக்கு ஒரு ரெகுலேட்டர் கொடுத்தார்கள். பேர்போன பிராண்டு. 18 மீட்டரில் ஒவ்வொரு மூச்சும், கெட்டியான மில்க் ஷேக்கை மெல்லிய ஸ்ட்ராவில் இழுப்பது மாதிரி. சைகை காட்டிவிட்டு நிதானமாக மேலே வந்து கேட்டால், "சார், இது பெரிய பிராண்டு சார்" என்று பதில். கடைசியாக எப்போது சர்வீஸ் செய்தீர்கள் என்ற கேள்விக்குப் பதிலே இல்லை.

எந்திர நுரையீரல்

மூச்சுக்கு மார்க் போடும் வேலையைக் கடற்படைகள்தான் பொறுமையாகச் செய்தன. அமெரிக்கக் கடற்படையின் சோதனை முக்குளிப்புப் பிரிவு, 1975 முதல் ஃபுளோரிடாவின் பனாமா சிட்டியில் இருக்கிறது. அழுத்தத் தொட்டிக்குள் ரெகுலேட்டரைத் தண்ணீரில் வைத்து, எந்திர பிஸ்டனை மனித நுரையீரல் போல இழுத்து விடச் செய்து அளந்தார்கள். 1980-ல், கடையில் கிடைக்கும் ரெகுலேட்டர்களை வரிசையாகச் சோதித்து அறிக்கை எழுதினார்கள். 198 அடி, சுமார் 60 மீட்டர் ஆழம் வரை. பாஸ் ஆனவை மட்டும் கடற்படைப் பட்டியலில். விளம்பரக்காரர்களுக்கு முதல் தடவையாக ஒரு வாத்தியார் வந்தார்.

பிறகு ஐரோப்பா. 1993-ல் ஈ.என். 250 என்ற தரவிதி. அதன் சாராம்சம் இதுதான்:

- ஆழம் 50 மீட்டர் (6 பார்).
- ஒரு மூச்சுக்கு 2.5 லிட்டர், நிமிஷத்துக்கு 25 மூச்சு. ஆக 62.5 லிட்டர். நீங்கள் இதைப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது ஏழெட்டு லிட்டர்தான் இழுக்கிறீர்கள் என்றால் இது எவ்வளவு கடுமை என்று பாருங்கள்.
- சிலிண்டர் பக்கத்து அழுத்தம் 50 பார்தான். கிட்டத்தட்ட காலியாகும் நேரம்.
- இழுக்கவும் விடவும் ஆகும் உச்ச அழுத்தம் 25 மில்லிபாருக்குள் இருக்க வேண்டும்.
- மூச்சுக்கு ஆகும் மொத்த உழைப்பு லிட்டருக்கு 3 ஜூலுக்குள் இருக்க வேண்டும்.

25 மில்லிபார் என்றால் 25 சென்டிமீட்டர் தண்ணீர். மார்ன் ஆற்றில் கூஸ்தோவை மூச்சுமுட்ட வைத்தது 15. ஐம்பது வருஷம் கழித்து எழுதப்பட்ட விதியும் அதே சென்டிமீட்டர்களைத்தான் எண்ணுகிறது!

10 டிகிரிக்குக் கீழான குளிர்நீருக்கு என்றால் 4 டிகிரித் தண்ணீரில் தனிச் சோதனை. காற்று விரியும்போது குளிரும், உள்ளே பனிக்கட்டி கட்டி வால்வு திறந்தபடி உறைந்துவிடும். 2014-ல் வந்த திருத்தம், ஒரே சிலிண்டரில் இரண்டு பேர் மூச்சு விடுவதையும் சோதிக்கச் சொன்னது. அதில் தேறியதற்கு முத்திரையில் ஓர் 'ஏ' சேரும்.

மார்க்கு வாங்கினால் போதுமா?

எண் வந்ததும் என்ன நடக்கும்? நம்ம ஊர் பிளஸ் டூ கதைதான். எல்லோரும் மார்க்குக்குப் படிக்க ஆரம்பித்தார்கள் :-) 3 ஜூல் பாஸ் மார்க் என்றால், நாங்கள் ஒன்றுக்கும் கீழே என்று விளம்பரம். காற்றோட்டத்தின் வேகத்தாலேயே சவ்வை உள்ளிழுக்க வைத்தால் உழைப்பு எண் குறையும். ஆனால் அளவு மீறினால் தண்ணீரில் குதித்ததும் தானாகக் கொட்டும். அதற்காகவே பக்கத்தில் ஒரு குமிழும் ஒரு நெம்புகோலும் வைத்தார்கள்.

இன்னொரு பக்கம் அண்டார்டிகாவைப் பாருங்கள். பனிக்கட்டிக்கு அடியில் முங்கும் அமெரிக்க ஆய்வாளர்கள் பல வருஷம் நம்பியது ஷெர்வுட் மாக்ஸிமஸ் என்ற ரெகுலேட்டரை. ரசிகர் மன்றம் எதுவும் பெரிதாக இல்லாத பிராண்டு. வாய்ப்பகுதிக்குள் வெப்பத்தைத் தக்கவைக்கும் தகடு வைத்த அமைப்பு. உறைந்து போகாது என்பதுதான் அங்கே தகுதி. மூச்சு வெண்ணெயாக வருகிறதா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

பிராண்டுகளோ கைமாறிக்கொண்டே இருக்கின்றன. 1997-ல் ஏப்பெக்ஸை அக்வா லங் வாங்கியது. கூஸ்தோ காலத்து ஏர் லிக்கீட், 2016-ல் அந்த அக்வா லங்கையே விற்றுவிட்டது. பெயர்ப்பலகை அதேதான், பின்னால் இருக்கும் முதலாளி மாறியாச்சு.

அப்ப எதைத்தான் பார்க்கிறது?

என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பட்டியல் சின்னது. முதலில் ஈ.என். 250 முத்திரை இருக்கா, நீங்கள் போகும் தண்ணீருக்கு ஏற்றதா. இரண்டாவது, பேலன்ஸ்டுதானா. மூன்றாவது, உங்க ஊருக்கு எட்டும் தூரத்தில் அதற்கு உதிரிபாகமும் பிரித்து மாட்டத் தெரிந்த ஆளும் உண்டா. இந்த மூன்றாவதை எந்த எந்திர நுரையீரலும் அளக்காது, ஆனால் என் கணக்கில் பாதி மார்க் இதற்குத்தான். ஒரு ரூபாய் ஓ-ரிங் கிழிந்தால் எந்த ராஜா பிராண்டும் கந்தல்தான்.

வாடகைக்கு எடுப்பவர்கள் படகில் ஏறும் முன் இரண்டு நிமிஷம் ஒதுக்குங்க. சிலிண்டரைத் திறக்காமல் வாயில் வைத்து இழுங்கள், காற்று வரவே கூடாது. வந்தால் சவ்விலோ வெளியேற்று வால்விலோ ஓட்டை. பிறகு திறந்துவிட்டு, மீட்டரைப் பார்த்தபடியே வேகமாக நாலைந்து மூச்சு இழுங்கள். முள் தடதடவென்று இறங்கி ஏறினால் சிலிண்டர் வால்வு சரியாகத் திறக்கவில்லை, அல்லது எங்கோ அடைப்பு. சும்மா வைத்திருக்கும்போது வாய்ப்பகுதி விட்டு விட்டு "புஸ்" என்றால், முதல் கட்ட வால்வு கசிந்து நடு அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கலாம். இதில் எது நடந்தாலும் வேறு ஒன்று கேளுங்கள். கடைக்காரர் பிராண்டு பெயர் சொன்னால், எல்ட்ரெட் கதையைச் சொல்லுங்கள்.

காஞ்யான் 1947-ல் கனடாவின் மான்ட்ரியலுக்குக் குடிபோய், அங்கேயும் விதவிதமான ரெகுலேட்டர்களைச் செய்துகொண்டே இருந்தார். கூஸ்தோ அளவுக்கு அவர் முகம் யாருக்கும் தெரியாது. அந்தக் கனடா வருஷங்களைப் பற்றித் தனியாக ஒரு பதிவு எழுத ஆசை. அதுவரைக்கும், உங்க பக்கத்தில் டைவ் அடிக்கிற புண்ணியவான்கள் யாராவது இருந்தால், அவங்க கொடி எந்தக் கட்சி, ஏன் என்று கேட்டு வந்து சொல்லுங்க. சண்டை போடாம பேசுவோம் :-)